மகளின் வீட்டுக்கு மண் கொட்டும் முன்



கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போகும்போது சிறு வயதில் நாங்கள் வலப்பக்க யன்னலுக்குச் சண்டை பிடிப்போம். இடப்பக்கம் கடல்தான். ஆனால் வீடுகளும் கடைகளும் அதை மறைத்துவிடும். வலப்பக்கத்தில் வீடுகள் முடிந்த கையோடு வயல் தொடங்கும். தை மாதத்தில் பச்சை, பங்குனியில் மஞ்சள், அறுவடை முடிந்தால் கொக்குகள். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று ஊர்கள் வந்து போகும். அந்த வயல் மட்டும் கூடவே வரும்.

இப்போது அதே பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வயலுக்கு நடுவே ஒரு கிறவல் மேடு. அதைச் சுற்றி அரைகுறை மதில். இன்னும் கொஞ்சம் தள்ளி, கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் தூண்கள். வரம்போரத்தில் ஒரு பலகை: "வீடு கட்ட உகந்த காணி, 10 பேர்ச்சஸ் துண்டுகளாக விற்பனைக்கு." நெல் விளைந்த வட்டை, ஒரு டிப்பர் மண்ணில் "வீடு கட்ட உகந்த காணி" ஆகிவிடுகிறது.

இதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் காணித் தரகர்களைத் திட்டுவார்கள், அரசியல்வாதிகளைத் திட்டுவார்கள். திட்டட்டும், அதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையை நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. எமது பகுதியில் அந்த மண்ணைக் கொட்டச் சொல்வது பெரும்பாலும் நாமேதான். மகளுக்கு வீடு வேண்டும் என்கிறோம்.

*மூன்று மகள்மார், மூன்று வளவு*

கிழக்கிலே பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது எப்போதோ தொடங்கிய வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார்; உம்மாவின் வளவுக்குள் அல்லது பக்கத்து வளவில் மகள் குடியிருப்பாள். இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைப் பேற்றின்போது உம்மா பக்கத்தில் இருக்கிறாள். கணவன் கைவிட்டாலும் வீடு பெண்ணின் பெயரில் இருக்கிறது. நாட்டின் வேறு பகுதிப் பெண்களுக்கு இல்லாத ஒரு பலம் இது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மார்க்கம் விதித்தது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரை. வீடு கொடுப்பது ஊர் வழக்கம். அந்த வழக்கம் தோன்றிய காலத்தில் ஒரு வளவு அரை ஏக்கர் இருந்தது. அதில் ஒரு மகளுக்கு ஓர் ஓலை வீட்டைப் போட்டுக் கொடுத்தால் போதும். இன்று வளவு பத்துப் பேர்ச்சஸ். வீடு என்றால் "பிளேட்" போட்டு, மாபிள் பதித்து, காருக்கு இடம் விட்டு, தனி மதிலும் தனி கேற்றும் வைத்துக் கட்ட வேண்டும். மூன்று மகள்மார் இருந்தால் மூன்று வளவு. ஊருக்குள் காணி எங்கே இருக்கிறது? கிழக்கே கடல். ஆகவே மேற்கே பார்க்கிறோம். உம்மாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்த வயல் அங்கே இருக்கிறது.

என் ராத்தாவுக்கும் அப்படி ஒன்றரை ஏக்கர் உண்டு. மகள்மாரும் மூன்று பேர்தான். மூத்தவளுக்குப் பேச்சு வந்தபோது, வீதிக்கு அண்டிய அரை ஏக்கரை நிரப்புவதென்று முடிவானது. டிப்பர்காரருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. பக்கத்து வயல்காரர் ஒரு வயதாளி. அவர் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "மகள், நீங்க ஒசத்தினா தண்ணி என்ட வயலுக்கதான் வந்து நிக்கும். நான் செய்யேலாம விட்டா எனக்கடுத்த ஆளும் விடுவான்." கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கவும் இல்லை. போய்விட்டார்.

*ஒரு வயல் எப்படிச் சாகிறது*

அந்தப் பெரியவர் சொன்னதில் முழுப் பாடமும் இருக்கிறது. வயல் தனித் துண்டல்ல. வாய்க்காலிலிருந்து முதல் வயலுக்கு வரும் தண்ணீர் வரம்பு வெட்டி அடுத்த வயலுக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு, கடைசியில் வடிச்சலுக்கு. நடுவிலே ஒருவர் நான்கு அடி உயரத்துக்குக் கிறவல் போட்டால் மேல் பக்கத்து வயலில் தண்ணீர் தேங்கும், கீழ்ப் பக்கத்து வயல் காயும். இரண்டு போகம் நட்டம் வந்தால் அந்த விவசாயி விதைப்பதை நிறுத்துவார். விதைக்காத வயலில் புல் மண்டும், எலி பெருகும், அதற்கடுத்த வயலையும் கெடுக்கும். அப்போது எல்லோரும், "இது இனி வயலாக உதவாது" என்று சொல்லத் தொடங்குவார்கள். அதுதான் தரகர் வரும் நேரம். ஓர் ஏக்கரை நிரப்பினால் கெடுவது ஓர் ஏக்கர் மட்டுமல்ல என்பது இதனால்தான்.

நிரப்புகிறவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் வரம்பைக் கொஞ்சம் அகலமாக்கி நாலு தென்னம்பிள்ளை நடுவார்கள். தென்னைக்கு மண் அணைப்பதாகச் சொல்லி மேடு எழும்பும். பிறகு காவலுக்கென்று ஒரு தகரக் கொட்டில். விடுமுறை நாளிலோ இரவிலோ டிப்பர்கள் வரும், அலுவலகங்கள் பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்து. அத்திவாரம் விழுந்த பிறகு யார் கேட்டாலும், "குமர்ப் பிள்ளையின் வீடு, அதையா உடைக்கப் போகிறீர்கள்?" என்று ஒரு பதில். கேட்க வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான்.

சோற்றுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். பாதைக்கு விட்டதுபோக, 10 பேர்ச்சஸ் துண்டுகளாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வீடு வரும். அதே ஏக்கரில் ஒரு போகத்துக்கு 25 மூடை நெல் என்று குறைத்தே வைப்போம். இரண்டு போகத்துக்கு 50 மூடை. மூடை 65 கிலோ என்றால் ஏறத்தாழ 3,250 கிலோ நெல். குற்றினால் மூன்றில் இரண்டு பங்கு அரிசி தேறும், அதாவது 2,000 கிலோவுக்கு மேல். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 110 கிலோ என்று வைத்தாலும் சுமார் இருபது பேரின் ஒரு வருடச் சோறு. வீடு ஒரு தடவை கட்டப்படும். அந்தச் சோறு ஒவ்வொரு வருடமும் போகும்.

"சந்தையில் அரிசி இருக்கத்தானே செய்கிறது" என்பீர்கள். 2022ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அடுத்து வந்த பெரும்போகம் வீழ்ந்தது. சம்பா கிலோ 200 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டு அரிசிக் கப்பலை எதிர்பார்த்து இருந்தோம். அந்த மாதங்களில் வீட்டில் நெல் மூடை வைத்திருந்தவள் எப்படி நிம்மதியாக இருந்தாள், கடையில் கிலோக் கணக்கில் வாங்கியவள் எப்படி இருந்தாள் என்பது அடுப்படியில் நின்ற நமக்குத்தான் தெரியும்.

*வெள்ளம் எங்கே போகும்?*

நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெய்யும் வாடைக்காற்று மழை மேற்கிலிருந்து எமது ஊர்களை நோக்கித்தான் ஓடி வருகிறது. வயல்கள் அதை வரம்புக்குள் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல விடும். பிரதான வீதியின் மதகுகளைக் கடந்து, தோணாக்கள் வழியாக அது கடலைச் சேரும். வயலை நிரப்பினால் அந்த நீருக்குத் தங்க இடமில்லை. மதகின் வாயில் மதில் கட்டினால் போக வழியுமில்லை. புதிய வீடுகள் வீதியைவிட உயரமாக எழும்பும்போது, ஊருக்குள்ளே உம்மம்மா காலத்தில் கட்டிய வீடுகள் பள்ளமாகிவிடுகின்றன. மழை நாளில் பாயைச் சுருட்டுகிறவள் வயலை நிரப்பியவள் அல்ல. பழைய வீட்டில் இருக்கும் ஏழை.

2011 ஜனவரியில் கிழக்கு முழுவதும் வெள்ளத்தில் கிடந்ததும், இலட்சக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதும் நினைவிருக்கும். 2024 நவம்பரில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியைக் குறுக்கறுத்த வெள்ளத்தில், விடுமுறைக்கு வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகள் சென்ற உழவு இயந்திரம் அள்ளுண்டதை எந்தத் தாயும் மறக்க மாட்டாள். அந்தத் துயரத்துக்கு வயல் நிரப்பியதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. ஆனால் மழைக்காலத்தில் எமது தாழ்நிலத்தின் ஊடாக எவ்வளவு தண்ணீர் எவ்வளவு வேகத்தில் போகும் என்பதை அதற்குப் பிறகுமா நமக்கு யாராவது விளக்க வேண்டும்?

கொழும்புப் பக்கமும் கதை இதுதான். சதுப்பு நிலங்களையும் வயல்களையும் நிரப்பி வீடு எழுப்பிய கொலொன்னாவ, வெல்லம்பிட்டிப் பகுதிகள் 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது பட்ட பாட்டைப் பார்த்தோம். எமது பள்ளிவாசல்கள் சோறு சமைத்து அனுப்பின. எஞ்சிய ஈரநிலங்களையாவது காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு உரத்தது. 2018இல் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தையும் பெற்றது. நிரப்பி முடித்தபின் பெற்ற புத்தி. எமக்கு இன்னும் நிரப்பாத வயல் இருக்கிறது.

*நெருக்கடியும் உண்மைதான்*

நகரத்திலே குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, "வயலில் வீடு கட்டாதே" என்று சொல்வது இலேசு. எமது கரையோர ஊர்களின் நெருக்கம் அவர்களுக்குத் தெரியாது. போர்க் காலத்தில் உட்பகுதிக் காணிகளுக்குப் போக முடியாமல் மக்கள் கரையோடு ஒதுங்கினார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். அதன் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் கரையிலிருந்து கிளம்பிய குடும்பங்கள் எங்கே போவது? மேற்கே வயலுக்குத்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு ஒரு துண்டு நிலமும் இல்லாத குடும்பம் ஆறு பேர்ச்சஸில் கூரை போடுவதும், ஊருக்குள் இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அரை ஏக்கர் வயலை நிரப்புவதும் ஒன்றல்ல. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தாலும் நாம் பார்க்கக் கூடாது.

*சட்டம் யார் பக்கம்?*

பலர் நினைப்பதுபோல, "என் வயல், என் விருப்பம்" என்பது இந்த நாட்டுச் சட்டமல்ல. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்திலிருந்து இன்றுவரை நெற்காணிக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. இன்று நடைமுறையில் இருப்பது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பவோ, அதில் கட்டடம் எழுப்பவோ முடியாது. மீறினால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வரும். பிரதேச சபையின் கட்டட அனுமதி தனி, இந்த அனுமதி தனி. ஒன்றைக் காட்டி மற்றதைச் சமாளிக்க இடம் கொடுக்காதீர்கள்.

மகளுக்குக் காணி வாங்கப் போகும் உம்மாமாரே, இதை நன்றாகக் கேளுங்கள். மேடாக்கிய துண்டைக் காட்டி, "எல்லாம் சரி" என்பார்கள். நொத்தாரிசு உறுதி எழுதுவார், காசும் கைமாறும். வீட்டுப் படத்தைக் கொண்டு சபைக்குப் போகும்போதுதான் அது பதிவேட்டில் இன்னும் நெற்காணி என்று தெரிய வரும். ஆகவே காசு கொடுக்கும் முன் கமநல சேவை நிலையத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பாருங்கள். ஆண்கள் போகட்டும் என்று இருந்துவிடாதீர்கள். உறுதி உங்கள் மகளின் பெயரில்தானே எழுதப்படுகிறது?

பெரிய அளவில் நிரப்புவோருக்கு வேறொரு தடையும் உண்டு. 4 ஹெக்டேயருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு மேல், ஈரநிலத்தை நிரப்புவதென்றால் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் முன் அனுமதி பெற வேண்டும். அதற்காகச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. இதனால்தான் சிலர் பெரிய வட்டையைத் துண்டு துண்டாக, வேறு வேறு பெயரில், வேறு வேறு மாதத்தில் நிரப்புகிறார்கள். துண்டுகளைக் கூட்டிப் பார்க்க ஊரவரால்தான் முடியும். கொழும்பிலிருக்கும் அதிகாரிக்கு அது தெரியப் போவதில்லை.

இன்னும் முக்கியமானது திட்டம். நகர அபிவிருத்தி அதிகார சபை தன் பிரதேசமாகப் பிரகடனம் செய்த ஊர்களுக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கும். எந்தப் பகுதி வீடு, எது கடை, எது வயலாகவே இருக்க வேண்டும் என்று அந்த வரைபடத்தில் நிறம் தீட்டப்படும். வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். திட்டத்தைப் பார்வையிடவும் ஆட்சேபனை எழுதவும் தவணை கொடுப்பார்கள். அந்தத் தவணைக்குள் போகிறவர்கள் யார்? காணி வாங்கி விற்பவர்கள் போகிறார்கள். தங்கள் துண்டுக்கு வீட்டு நிறம் கேட்கிறார்கள். விவசாயி அறுவடையில் நிற்கிறார், நாம் அடுப்படியில் நிற்கிறோம். திட்டம் முடிவான பின் அழுது பயனில்லை.

"நாலு பெண்கள் எழுதி என்ன ஆகும்?" என்று கேட்காதீர்கள். எப்பாவலயில் பொஸ்பேட் அகழ்வதற்கு வெளிநாட்டுக் கம்பனியோடு அரசு ஒப்பந்தம் செய்யவிருந்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஏழு பேர்தான் வழக்குத் தொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைத் தடுத்தது. ஆய்வும் சுற்றாடல் அறிக்கையும் இல்லாமல் முன்னே போகக் கூடாது என்றது. ஏழு பேர்!

நீதிமன்றம் வரை போகாமலே செய்யக்கூடியதும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எமது வட்டையில் எத்தனை பேருக்கு நிரப்ப அனுமதி கொடுக்கப்பட்டது, எந்தெந்தத் திகதியில் என்று நீங்கள் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். டிப்பர் வரும் அன்றே, அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், படம் எடுத்து வையுங்கள். அத்திவாரம் விழுந்தபின் எடுக்கும் படத்துக்குப் பலன் குறைவு. சபைகளில் நான்கிலொரு பங்கு பெண்களுக்கு என்பது 2016இல் வந்த விதி. 2025 மே தேர்தலுக்குப் பின் பெரும்பாலான சபைகளில் பெண் உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் வீட்டுக்குப் போய் வாய்க்காலைப் பற்றிப் பேசுங்கள். ஆணிடம் பேசத் தயங்குவதுபோல அவளிடம் தயங்கத் தேவையில்லை. கமக்காரர் அமைப்பிலும் வயலுக்குச் சொந்தக்காரி என்ற முறையில் உங்களுக்குக் குரல் உண்டு. வயல் உங்கள் பெயரில், கூட்டத்துக்கு மட்டும் மச்சான் போவது என்ன வழக்கமோ!

ஆனால் இவையெல்லாம் பாதிதான். மறு பாதி கலியாணப் பேச்சு நடக்கும் முன் மண்டபத்தில் இருக்கிறது. "தனி வளவா, தனி வீடா?" என்று கேட்பது பெரும்பாலும் மாப்பிள்ளையின் உம்மா. நாளை நீங்களும் அந்த இடத்தில் உட்காருவீர்கள். உம்மாவின் வீட்டுக்கு மேலே ஒரு மாடி போட்டுத் தந்தால் போதும் என்று நீங்கள் சொன்னால், எங்கோ ஒரு வயல் தப்பும். பழைய வீட்டின் அத்திவாரம் மாடியைத் தாங்குமா என்று பொறியியலாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும்; அதையும் சொல்லி வைக்கிறேன்.

ராத்தாவின் கதையைப் பாதியில் விட்டேன். டிப்பர்காரரிடம் முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மாடி வீட்டுக்கு உடன்பட இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் ராத்தா தூங்கவில்லை. சம்பந்தம் முறிந்தால் ஊர் என்ன பேசும் என்று நாங்களும் பயந்தோம். இப்போது மருமகள் மேலே இருக்கிறாள். படிக்கட்டு செங்குத்தாக அமைந்துவிட்டது என்று ராத்தாவின் முழங்கால் தினமும் முறைப்பாடு செய்கிறது. இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வதென்று முடிவாகவில்லை.

அந்த ஒன்றரை ஏக்கர் இம்முறையும் விதைக்கப்பட்டது. ஆனால் வாய்க்காலின் மேல் பக்கம், மூன்று வயல் தள்ளி, வேறொருவர் தென்னம்பிள்ளை நட்டிருக்கிறார். ராத்தாவும் அந்தப் பெரியவரின் மனைவியும் இன்னும் ஐந்து பெண்களும் கையெழுத்திட்டு, அனுமதி இருக்கிறதா என்று கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. திகதியைச் சமையலறைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.